எந்த ஸ்பானியல் உங்கள் வீட்டுக்கு?

“ஸ்பானியல் வாங்கலாம் என்றிருக்கிறோம்” என்று யாராவது சொன்னால், “எந்த ஸ்பானியல்?” என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் பதிலாக ஒரு படத்தைக் காட்டுவார்கள். தொங்கும் நீளக் காது, பெரிய கண்கள், மார்பில் அலையலையாக முடி. அந்த முகம் பல இனங்களுக்குப் பொது. குணமும் தேவையும் இனத்துக்கு இனம் மாறும். 8 கிலோவைத் தாண்டாத கவாலியரும் 20 கிலோவைத் தொடும் ஸ்பிரிங்கரும் ஒரே குடும்பத்துக்குப் பொருந்துவது அரிது.

வீட்டு நாயாக அதிகம் வளர்க்கப்படுபவை 4 வகை: இங்கிலீஷ் காக்கர், அமெரிக்கன் காக்கர், இங்கிலீஷ் ஸ்பிரிங்கர், கவாலியர் கிங் சார்லஸ். என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். இவற்றில் எது உசத்தி என்று பார்ப்பதைவிட, எது உங்களிடம் என்ன கேட்கும் என்று பார்ப்பது நல்லது. ஸ்பிரிங்கர் உங்கள் கால்களைக் கேட்கும். நாள் தவறாமல் வெளியே, நெடுநேரம் நடக்க வேண்டும். காக்கர்கள் இரண்டும் கைகளைக் கேட்கும். சீப்பும் காதுப் பஞ்சும் வாரம் முழுக்கக் கையில் இருக்கும். கவாலியர் நடைக்கும் முடிக்கும் குறைவாகவே கேட்கும். ஆனால் நோய் என்று வந்தால் தாங்கும் மனமும் அதற்கென ஒதுக்கிய பணமும் வேண்டும். உங்கள் வீட்டில் இவற்றில் எது இருக்கிறதோ அதை வைத்துத்தான் நாயைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் எல்லா ஸ்பானியலும் கேட்கும்: கூட ஆள் இருக்க வேண்டும். புதர்களுக்குள் மூக்கை நுழைத்துப் பறவைகளைக் கிளப்பிவிடுவதுதான் இவற்றின் மூதாதையரின் வேலை. அதுவும் துப்பாக்கி எட்டும் தூரத்துக்குள்ளேயே, வேட்டைக்காரரை அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டிய வேலை. மனிதரை விட்டு விலகாத நாய்களையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். அதனால்தான் இன்றைக்கும் நீங்கள் எந்த அறைக்குப் போனாலும் பின்னாலேயே வரும். காலையில் எல்லோரும் கிளம்பிப் போய் மாலையில்தான் திரும்புவோம், நடுவில் வீட்டில் யாரும் இல்லை என்றால் ஸ்பானியல் வேண்டாம். வளர்ந்த நாயே ஒரேயடியாக 4 மணி நேரத்துக்கு மேல் தனியாக இருப்பது சிரமம். குட்டிக்கு அதில் பாதிகூடத் தாங்காது. கதவைப் பிறாண்டும், ஓயாமல் குரைக்கும், வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கும். அதைச் சேட்டை என்று திட்டிப் பயனில்லை, அது பதற்றம்.

ஸ்பிரிங்கரா, காக்கரா?

19ஆம் நூற்றாண்டில் இந்த இரண்டும் தனித்தனி இனமே கிடையாது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளில் 25 பவுண்டுக்குள், அதாவது சுமார் 11 கிலோவுக்குள் நின்றால் காக்கர். அதைத் தாண்டினால் ஸ்பிரிங்கர். பிரிட்டனில் அந்த எடை வரம்பு 1901இல் நீங்கியது. 1902இல் ஸ்பிரிங்கரைத் தனி இனமாக, நாய் இனங்களைப் பதிவுசெய்யும் அமைப்பான அங்குள்ள கென்னல் கிளப் ஏற்றுக்கொண்டது. இன்றைய ஸ்பிரிங்கர் தோள் வரை சுமார் 51 செ.மீ. உயரம், 18 முதல் 23 கிலோ வரை எடை. இங்கிலீஷ் காக்கர் 38 முதல் 41 செ.மீ., எடை 13 முதல் 14.5 கிலோ.

எண்ணில் இது சின்ன வித்தியாசமாகத் தெரியும். வீட்டில் அப்படித் தெரியாது. வளர்ந்த ஸ்பிரிங்கருக்கு ஒரு நாளைக்கு 2 மணி நேரமாவது வெளியே ஓட்டமும் நடையும் வேண்டும். அதிலும் கயிற்றில் கட்டி மெதுவாக நடப்பதை அது கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மோப்பம் பிடிக்க வேண்டும், எதையாவது தேட வேண்டும், தண்ணீரைக் கண்டால் இறங்க வேண்டும். வெடிபொருளும் போதைப்பொருளும் கண்டுபிடிக்க உலகெங்கும் காவல் படைகள் இந்த இனத்தை வைத்திருப்பது சும்மா இல்லை. ஈராக்கில் மறைத்து வைத்திருந்த ஆயுதங்களைக் கண்டுபிடித்ததற்காக 2003இல், விலங்குகளின் வீரத்துக்குப் பிரிட்டனில் தரும் டிக்கின் பதக்கம் பெற்ற பஸ்டர் ஒரு ஸ்பிரிங்கர்தான். அந்த மூக்கும் அந்த உடம்பும் வீட்டுக்கூடத்தில் வேலையில்லாமல் கிடந்தால், வேலையை அதுவாகவே தேடிக்கொள்ளும். மெத்தையைப் பிரிக்கும், செருப்பைக் கடிக்கும், வேலிக்கு அடியில் பள்ளம் தோண்டும். ஓடப் பழகியவர்கள், மலையேறப் போகிறவர்கள், வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீட்டார் என்றால் ஸ்பிரிங்கரைப் போல ஒரு துணை கிடைப்பது கடினம். கோபம் குறைவு, எதையும் சீக்கிரம் கற்றுக்கொள்ளும், சலிக்காது. வாரக் கடைசியில் மட்டும் நேரம் உள்ளவர்கள் இதை விட்டுவிடுங்கள்.

இங்கிலீஷ் காக்கரில் இன்னொரு பிரிவும் உண்டு. பெரும்பாலானவர்கள் அதைக் கேட்காமலேயே குட்டி வாங்கிவிடுகிறார்கள். கண்காட்சி வம்சம் ஒன்று, வேட்டை வம்சம் ஒன்று. இரண்டுக்கும் பெயர் ஒன்றே, சான்றிதழும் ஒன்றே. கண்காட்சி வம்சத்துக்குக் காது நீளம், முடி அடர்த்தி, உடம்பு கொஞ்சம் கனம். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் நடந்தால் திருப்தியாகப் படுத்துக்கொள்ளும். வேட்டை வம்சத்துக்குக் காது சின்னது, முடி குறைவு, பார்க்க ஒல்லி. அதைப் பார்த்துவிட்டு “முடி வேலை மிச்சம்” என்று எடுத்துக்கொண்டு போகிறவர்கள், சின்ன உடம்புக்குள் ஒரு ஸ்பிரிங்கரைத்தான் கொண்டுபோகிறார்கள். குட்டியைப் பார்க்கப் போகும்போது தாயும் தந்தையும் எந்த வம்சம் என்று வாய்விட்டுக் கேளுங்கள். சிறு பிள்ளைகள் உள்ள, வேலைக்குப் போகிற சராசரிக் குடும்பம் என்றால் நான் கண்காட்சி வம்ச இங்கிலீஷ் காக்கரைத்தான் சொல்வேன். 4 வகையில் அதிக வீடுகளுக்குப் பொருந்துவது இதுதான்.

அமெரிக்கன் காக்கர்

இங்கிலீஷ் காக்கரின் வழிவந்தது. அமெரிக்காவில் வேறு திசையில் வளர்த்தெடுக்கப்பட்டு, 1946இல் அங்குள்ள கென்னல் கிளப் இரண்டையும் தனித்தனி இனங்களாகப் பிரித்தது. தலை உருண்டை, மூக்கு குட்டை, கண் பெரிது, முடி மிக அதிகம். உயரம் 36 முதல் 38 செ.மீ. அமெரிக்காவில் 1936 முதல் 1952 வரை இதுதான் முதலிடத்தில் இருந்த நாய். அந்தப் புகழே அதற்குக் கேடாகவும் முடிந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் குட்டி கொடுக்க வேண்டும் என்று குணமும் ஆரோக்கியமும் பார்க்காமல் இனவிருத்தி செய்தார்கள். கண்புரை, கண் அழுத்த நோய், எண்ணெய்ப்பசையும் செதிலுமாகத் தோல் நோய், ஓயாத காது நோய் ஆகியவை இந்த இனத்தில் அடிக்கடி வரும். தன் இரத்தச் சிவப்பணுக்களைத் தானே அழிக்கும் நோய் எதிர்ப்புக் கோளாறும் இதற்கு மற்ற இனங்களைவிட அதிகம்.

நல்ல வளர்ப்பாளரிடமிருந்து வந்த அமெரிக்கன் காக்கர் மிக இனிமையான நாய். குடும்பத்தோடு ஒட்டிக்கொள்ளும், நடையும் காக்கர் அளவுக்கே போதும். ஆனால் உரத்த குரலுக்குச் சட்டென்று ஒடுங்கிப்போகும். யாராவது குனிந்து தொட வந்தால் நின்ற இடத்திலேயே சிறுநீர் விட்டுவிடும் பழக்கம் இளம் நாய்களிடம் உண்டு. அடக்கத்தைக் காட்டும் உடல்மொழி அது. திட்டினால் இன்னும் அதிகமாகும். வந்தவர்கள் பக்கவாட்டில் உட்கார்ந்து, நாய் தானாக வரும்வரை காத்திருந்தால் வளர வளரக் குறையும். கத்திப் பேசும் பழக்கம் உள்ள, எப்போதும் ஆள் வந்து போகும் வீட்டுக்கு இந்த நாயைக் கொண்டுபோக எனக்கு மனம் வராது.

கவாலியர்: நன்கு யோசித்து எடுக்க வேண்டிய முடிவு

குணத்தை மட்டும் பார்த்தால் கவாலியருக்கு நிகர் இல்லை. குழந்தையோ முதியவரோ வேறொரு நாயோ, எல்லோரிடமும் ஒரே அன்பு. 5.4 முதல் 8 கிலோ வரைதான் எடை, மாடி வீட்டிலும் இருந்துகொள்ளும், ஒரு மணி நேர நடை தாராளம். முதன்முதலாக நாய் வளர்ப்பவருக்கு இதைவிடச் சுலபமான குணம் கிடைக்காது. பழைய அரண்மனை ஓவியங்களில் வரும் நீள மூக்குச் சின்ன ஸ்பானியல் மீண்டும் வேண்டும் என்று, 1926இல் ராஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர் இங்கிலாந்தின் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் 25 பவுண்டு பணப் பரிசு அறிவித்தார். அங்கிருந்து தொடங்கிய முயற்சி 1945இல் தனி இனமாக முடிந்தது. தொடக்கத்தில் இருந்தவை சில நாய்களே. இன்றைய கவாலியர் உடம்பின் நோய்களுக்கு அந்தக் குறுகிய அடித்தளமும் ஒரு காரணம்.

முதலாவது நோய் இதயத்தில். இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வு தடித்து, சரியாக மூடாமல், ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தம் பின்னோக்கிக் கசியும். வயதான எந்தச் சிறு நாய்க்கும் வரக்கூடியதுதான். கவாலியருக்கு இளமையிலேயே வருகிறது. 5 வயதுக்குள் ஏறக்குறையப் பாதி நாய்களின் நெஞ்சில் அந்தக் கசிவின் ஓசை கேட்கும், 10 வயதில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் கேட்கும் என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஓசை கேட்டவுடனே ஆபத்து என்று பொருள் இல்லை, பல ஆண்டுகள் நன்றாகவே இருக்கும். இதயம் பெரிதாகிவிட்டது, ஆனால் இளைப்பு இன்னும் தொடங்கவில்லை என்ற கட்டத்தில் பிமோபெண்டான் என்ற மருந்தைக் கொடுத்தால், இதயம் செயலிழக்கும் நாள் சராசரியாக 15 மாதம் தள்ளிப்போவதாக 2016இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. அதனால் ஆண்டுதோறும் இதயத்தைப் பரிசோதிப்பது சம்பிரதாயம் இல்லை, அந்தக் கட்டத்தைத் தவறவிடாமல் பிடிக்கும் வழி.

வீட்டில் நீங்களே பார்க்கக்கூடிய ஒன்றும் உண்டு. நாய் ஆழ்ந்து தூங்கும்போது மார்பு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒன்று. 30க்குக் கீழே இருக்க வேண்டும். நாளுக்கு நாள் அது ஏறிக்கொண்டே போனால், இருமல் வருவதற்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

இரண்டாவது நோய் தலையில். மண்டையோட்டின் பின்பகுதியில் மூளைக்குப் போதிய இடம் இல்லை. அதனால் மூளைத் தண்டுவட நீரின் ஓட்டம் தடைப்பட்டு, தண்டுவடத்துக்குள் நீர்க்குழிகள் உண்டாகின்றன. சைரிங்கோமைலியா என்று பெயர். நடந்துகொண்டே, கால் உடம்பில் படாமல் காற்றிலேயே கழுத்துப் பக்கம் சொறியும். தூக்கும்போது காரணமில்லாமல் கத்தும். இரவில் தலையை உயர்த்தி வைத்துப் படுக்கும். எம்ஆர்ஐ எடுத்தால்தான் உறுதியாகத் தெரியும். வலி வாழ்நாள் முழுக்க இருக்கலாம். இந்த இரண்டு நோய்களும் எவ்வளவு பரவலானவை என்பதற்கு ஒரு சான்று: நார்வேயில் இந்த இனத்தை இப்போதுள்ள நிலையில் இனவிருத்தி செய்வது விலங்கு நலச் சட்டத்துக்கு எதிரானது என்று 2022இல் ஆஸ்லோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது, 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

இவ்வளவுக்குப் பிறகும் கவாலியர் வளர்க்கலாமா? வளர்ந்த நாயைத் தத்தெடுப்பதானால் தயங்காமல் சரி என்பேன். பிறந்துவிட்ட நாய்க்கு வீடு கிடைக்கிறது. குட்டி வாங்குவதானால், தாய்க்கும் தந்தைக்கும் இரண்டரை வயதுக்குப் பிறகே இனவிருத்தி நடந்திருக்க வேண்டும். அந்த இரண்டின் பெற்றோரும் 5 வயதில் இதயம் சுத்தமாக இருந்தவை என்பதற்குச் சான்று வேண்டும். எம்ஆர்ஐ முடிவும் வேண்டும். இவை இல்லாத இடத்தில் குட்டி வாங்குவது அந்த நோயை அடுத்த தலைமுறைக்கு நகர்த்த உதவுவதுதான்.

காது

எந்த ஸ்பானியல் என்றாலும் காதைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். நாயின் காதுக் குழாய் முதலில் கீழ்நோக்கி இறங்கி, பிறகு உள்பக்கமாகத் திரும்பும். மேலே கனமான மடல் மூடியிருக்கிறது, உள்ளே முடி, காக்கருக்கு மெழுகு சுரப்பிகளும் அதிகம். காற்று போகாது, ஈரம் காயாது. கிருமிக்கும் பூஞ்சைக்கும் அதைவிட வசதியான இடம் வேண்டுமா?

வாரம் ஒரு முறை மடலைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். நல்ல காதுக்கு அநேகமாக வாசனையே இருக்காது. புளித்த மாவு போன்ற வாடை, பழுப்பு நிறக் கசிவு, சிவப்பு, ஓயாமல் தலையை உதறுவது, ஒரு பக்கமாகச் சாய்த்து நிற்பது என்று எது தெரிந்தாலும் மருத்துவர்தான் பார்க்க வேண்டும். போன தடவை மிஞ்சிய சொட்டு மருந்தை எடுத்து ஊற்றிவிடாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் கேட்கும் திறனையே பாதிக்கும்.

சுத்தம் செய்வது பழகிவிட்டால் பெரிய வேலை இல்லை. தரையில் உட்கார்ந்து, நாயின் பின்பக்கம் உங்கள் மேல் சாயும்படி கால்களுக்கு நடுவே உட்கார வையுங்கள். மடலை மேலே தூக்கிப் பிடித்து, மருத்துவர் சொன்ன காது கழுவும் திரவத்தைக் குழாய் நிறையும்வரை விடுங்கள். குப்பியின் முனை காதில் பட வேண்டாம். பிறகு மடலுக்குக் கீழே, தாடை மூட்டுக்குப் பின்னால் விரலை வைத்தால் குருத்தெலும்புக் குழாய் தட்டுப்படும். அதை அரை நிமிடம் மெல்லப் பிசையுங்கள். உள்ளே சளக் சளக் என்று சத்தம் கேட்டால் சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள். விட்டவுடன் நாய் தலையை உதறும், உள்ளிருந்த அழுக்கு மேலே வரும். வெளியே வந்ததை மட்டும் பஞ்சால் துடைத்தால் போதும். காது குடையும் குச்சியை உள்ளே விட்டால் அழுக்கு இன்னும் ஆழத்துக்குப் போய்விடும்.

குளித்த பிறகும் நீந்திய பிறகும் மடலின் உட்புறத்தை உலர்த்துங்கள். சாப்பாட்டுக் கிண்ணம் வாய் குறுகி, ஆழமாக இருந்தால் காது வெளியே தொங்கும், நனையாது. புல்வெளியில் நடந்து வந்தால் காதின் விளிம்பும் விரலிடுக்கும் தடவிப் பாருங்கள். கூரான புல்விதை ஒன்று உள்ளே புகுந்துவிட்டால் தானாக வெளியே வராது, முன்னோக்கித்தான் போகும். வலியில் தலையை வேகமாக உதறி உதறி, மடலுக்குள் இரத்தம் கட்டி வீங்கிப்போவதும் உண்டு.

வேட்டை வம்சக் காக்கருக்கும் கவாலியருக்கும் இந்த வேலை கொஞ்சம் குறைவு, கண்காட்சி வம்சத்துக்கும் அமெரிக்கன் காக்கருக்கும் அதிகம். எதற்கும் இல்லாமல் இல்லை.

முடி: வீட்டிலா, வெளியிலா?

நீள முடியை அப்படியே வைத்திருப்பதா, குட்டையாக வெட்டிவிடுவதா என்பதில் என் பக்கம் தெளிவானது. கண்காட்சிக்குப் போகாத நாய்க்கு வயிறு, கால், காது ஆகிய இடங்களில் முடியைக் குறைத்துவிடுங்கள். அழகு கொஞ்சம் குறையும், நாய்க்கு வாழ்க்கை இலகுவாகும். முதுகில் மட்டும் மிஷின் வேண்டாம். காக்கரின் முதுகு முடி பட்டுப்போலப் படிந்து கிடப்பது. மிஷினால் மழித்தால் பல நாய்களுக்கு அது பஞ்சுபோல் சுருண்டு வளரத் தொடங்கிவிடும். விரலாலும் சிறு கத்தியாலும் செத்த முடியைப் பிடுங்கி எடுக்கும் முறை உண்டு. நேரம் பிடிக்கும், ஆனால் முடியின் தன்மை கெடாது. கருத்தடை செய்த நாய்க்கு முடி தானாகவே பஞ்சாக மாறுவதும் உண்டு. அப்போது வேறு வழியில்லை, மழிக்கலாம்.

6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை முடி வெட்டுபவரிடம் கொண்டுபோவது காக்கருக்கு வழக்கம். வீட்டிலேயே செய்தால் செலவு மிச்சம், நாய்க்கும் பயம் குறைவு. ஆனால் வெளியே கொண்டுபோகிறோம் என்பதற்காக வீட்டில் சீப்பை எடுக்காமல் இருக்க முடியாது. காக்கருக்கு வாரத்தில் 3 நாளாவது, அமெரிக்கன் காக்கருக்கு முடிந்தால் தினமும் வார வேண்டும். மேலோட்டமாகப் பிரஷ் போட்டால் மேல் முடி பளபளக்கும், அடியில் சிக்கு கட்டிக்கொண்டிருக்கும். காதுக்குப் பின்னால், முன்னங்கால் அக்குளில், தொடை இடுக்கில் இரும்புச் சீப்பு தோல்வரை தடையில்லாமல் போகிறதா என்று பாருங்கள். சிக்கை எடுத்த பிறகே குளிப்பாட்ட வேண்டும், நனைந்தால் இறுகிவிடும். கத்தரிக்கோலால் சிக்கை வெட்டப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சிக்கோடு தோலும் மேலே இழுபட்டு நிற்கும், எங்கே முடி முடிந்து தோல் தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

குட்டியா, வளர்ந்த நாயா?

குட்டியை 8 வாரத்துக்கு முன்னால் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. 3 முதல் 14 வாரம் வரைதான் உலகம் எப்படிப்பட்டது என்று அது கற்றுக்கொள்ளும் காலம். வீட்டுக்கு வந்த முதல் மாதத்தில் அது பார்க்கும் குழந்தைகள், கேட்கும் சத்தங்கள், தொடும் கைகள் எல்லாம் வாழ்நாள் முழுக்கக் கூட வரும். அந்த மாதத்தில்தான் தடுப்பூசியும் முடிந்திருக்காது. ஆகவே மற்ற நாய்கள் புழங்கும் தரையில் விடாமல், தூக்கிக்கொண்டே வெளியுலகத்தைக் காட்ட வேண்டும். இதற்கெல்லாம் வீட்டில் ஒருவருக்கு முழு நேரம் இருக்க வேண்டும். இருந்தால் குட்டி வாங்குங்கள்.

இல்லையென்றால் 2, 3 வயது நாயைத் தத்தெடுப்பதுதான் நல்லது. உருவம் தெரிந்துவிடும், குணம் தெரிந்துவிடும், குழந்தையிடம் எப்படி நடந்துகொள்கிறது என்று நேரில் பார்த்துவிடலாம். ஸ்பிரிங்கரும் வேட்டை வம்சக் காக்கரும் அந்த வயதில்தான் அதிகமாகக் கைவிடப்படுகின்றன என்பது என் அனுபவம். பெரும்பாலும் அவற்றிடம் குறை எதுவும் இருக்காது, ஓட இடம் கிடைத்திருக்காது. வந்த புதிதில் பின்னாலேயே திரிந்து, தனியாக விட்டால் பதறும். முதல் சில வாரங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆணா பெண்ணா என்பதைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். கருத்தடை செய்துவிட்டால் இந்த இனங்களில் பெரிய வித்தியாசம் இல்லை. எந்த வயதில் செய்வது என்பதை மட்டும் மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள்.

குழந்தைகள் இருக்கும் வீடு

“ஸ்பானியல் கடிக்காது” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். காக்கருக்கு, முக்கியமாக, வாயில் கவ்வியதைக் காக்கும் இயல்பு உண்டு. இங்கிலீஷ் காக்கரில் ஒரே நிறமுள்ள நாய்கள், அதாவது பொன்னிறமோ கருப்போ உள்ளவை, பல நிறம் கலந்தவற்றைவிட அதிகமாகச் சீறுவதாக 1996இல் பிரிட்டனில் நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டு எடுத்த ஆய்வொன்றில் தெரிந்தது. அதற்காகப் பொன்னிறக் குட்டியே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். தாயின் குணத்தை நேரில் பாருங்கள், நிறத்தைவிட அது அதிகம் சொல்லும்.

பெரும்பாலான சண்டை ஒரு காலுறையில் தொடங்குகிறது. நாய் அதைக் கவ்விக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பிள்ளை பின்னால் ஓடிப் பிடுங்கும். நாய் உடம்பை விறைத்து, தலையைத் தாழ்த்தி, கண்ணின் வெண்மை தெரியப் பக்கவாட்டில் பார்க்கும். அடுத்தது உறுமல். அதற்குப் பிறகும் கை நீண்டால் கடி. இதை மாற்ற வழி இருக்கிறது. துரத்தாதீர்கள். சற்று தள்ளி நின்று நாய்க்குப் பிடித்த தின்பண்டம் இரண்டைத் தரையில் போடுங்கள். காலுறையை விட்டு எழுந்து வரும். அது தின்னும்போது இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். அப்போது போய்க் காலுறையை எடுங்கள். முடிந்தால் அதையே கொஞ்ச நேரத்துக்குத் திருப்பிக் கொடுங்கள். கொடுத்தால் நல்லது கிடைக்கிறது, கொடுத்ததும் சில நேரம் திரும்பி வருகிறது என்று தெரிந்த நாய் ஒளித்து வைப்பதை விட்டுவிடும். தானே கொண்டுவந்து காலடியில் போடும். இதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியது ஒன்றே: நாய் வாயில் இருப்பதை எடுக்கப் போகாதே, பெரியவரைக் கூப்பிடு. உறுமியதற்காக நாயை அடித்தால் அடுத்த தடவை உறுமாமல் கடிக்கும்.

குழந்தை 5 வயதுக்குக் கீழே என்றால் எந்த இனமானாலும் இரண்டையும் தனியாக ஒரே அறையில் விட வேண்டாம். ஸ்பிரிங்கர் அன்பாகவே பாய்ந்து குழந்தையைத் தள்ளிவிடும். கவாலியர் குழந்தையின் கையில் அடிபடும். இந்த வயதுக்கும் பொருத்தமான உருவம் காக்கர்தான்.

இன்னொன்று எடை. எல்லா ஸ்பானியலும் பசிப்பதாகவே முகத்தை வைத்துக்கொள்ளும். பிள்ளைகள் இரங்கி ஆளுக்கொரு வாய் கொடுப்பார்கள். விலாவின் மேல் கையை வைத்துத் தடவினால் எலும்புகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் சாப்பாட்டைக் குறையுங்கள். கவாலியரின் இதயத்துக்கும் காக்கரின் மூட்டுக்கும் அது தனிச் சுமை. சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம், சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்று சேர்த்த இனிப்பு ஆகியவை நாய்க்கு நஞ்சு என்பதைப் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வாங்கப் போகும்போது

கவாலியருக்கு என்ன சான்று வேண்டும் என்பதை மேலே சொல்லிவிட்டேன். இங்கிலீஷ் காக்கருக்கு 2 மரபணுப் பரிசோதனைகள் முக்கியம். பார்வையைப் படிப்படியாகப் பறிக்கும் விழித்திரை நோய்க்கு ஒன்று. பரம்பரைச் சிறுநீரக நோய்க்கு ஒன்று. இது வந்த நாய்கள் பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 2 வயதுக்குள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துவிடும். இரண்டுமே தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் குட்டிக்கு வரும். ஆகவே இருவரில் ஒருவராவது சுத்தம் என்று எழுத்தில் இருந்தால் குட்டிக்கு நோய் வராது. ஸ்பிரிங்கருக்கு ஃபியூகோசிடோசிஸ் என்ற நரம்பு நோய்க்கும், பிஎஃப்கே என்ற நொதிக் குறைபாட்டுக்கும் பரிசோதனை உண்டு. பின்னது இருந்தால் கடுமையாக ஓடிய பிறகு சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும். இடுப்பு மூட்டு எக்ஸ்ரேயும் கேளுங்கள். அமெரிக்கன் காக்கருக்குக் கண் மருத்துவரின் ஆண்டுச் சான்றே முதலில். அதற்கும் பிஎஃப்கே பரிசோதனை பொருந்தும்.

குட்டிகளைத் தாயோடு, அவை பிறந்து வளரும் இடத்திலேயே பாருங்கள். தாயின் காதைத் தூக்கி முகர்ந்து பாருங்கள், அக்குளில் விரலை விட்டுச் சிக்கு இருக்கிறதா என்று பாருங்கள். தாயைக் காட்ட முடியாது, பாதி வழியில் வந்து குட்டியை வாங்கிக்கொள்ளுங்கள், சான்றிதழ் பிறகு வரும் என்று சொன்னால், குட்டியைக் கையில் வாங்குவதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள். கையில் வாங்கிய பிறகு பிள்ளைகள் விட மாட்டார்கள்.